முன் வந்தவனும் பின் வந்தவனும்

"பொன் கிடைக்கிறது" என்ற இரண்டு சொற்கள் போதும். உழுதுகொண்டிருந்தவன் கலப்பையை வயலிலேயே விட்டுவிடுவான். கொல்லனின் உலைக்களத்தில் துருத்தி மூச்சடங்கும். கடைக்காரன் தராசைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புவான். மாலுமி, நங்கூரமிட்ட கப்பலை அலைக்கே அடைக்கலம் கொடுத்துவிட்டு மலையை நோக்கி ஓடுவான். கற்பனையல்ல இது. கலிபோர்னியாவில் 1848-இலும் 1849-இலும் இப்படித்தான் நடந்தது. ஆளற்றுப்போன கப்பல்கள் சான்பிரான்சிஸ்கோத் துறைமுகத்தில் நூற்றுக்கணக்கில் நின்றன. அவற்றுள் சிலவற்றைக் கரைக்கு இழுத்துக் கிடங்காக்கினர், விடுதியாக்கினர். கடலைக் கடக்கக் கட்டிய கலம், கரையில் வாடகை ஈட்டியது!

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து இந்த ஏட்டைப் பிரிக்கும் உங்களிடம், ஏழு கடலுக்கு அப்பால் என்றோ நடந்த பொன்வேட்டையை எதற்காகச் சொல்ல வந்தேன்? பொழுதுபோக்குக்காக அல்ல. அந்தப் பொன்வேட்டையை ஒரு வீரகாவியமாக்கி, "துணிந்தவன் குவித்தான், தூங்கியவன் இழந்தான்" என்று பாடம் நடத்துவோர் இன்றும் உளர். அந்தப் பாடம் பொய். மெய்ப்பாடம் வேறு. குவித்தவன் யார், இழந்தவன் யார், இழந்தவனின் கோபத்தை யார்மீது திருப்பிவிட்டனர் என்பதிலே இருக்கிறது அந்தப் பாடம். அது நம் தெருவுக்கும் தேவைப்படுகிறது. நம் தோழர்கள் சிலரின் நாவுக்கும் தேவைப்படுகிறது.

1848-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ஆம் நாள். அமெரிக்கன் ஆறு என்ற பெயருடைய ஆற்றின் கரையிலே, கொலோமா என்னுமிடத்தில், ஜான் சட்டர் என்ற நிலக்கிழாருக்காக மரம் அறுக்கும் ஆலையொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார் ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சர். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய நீர் வெளியேறும் கால்வாயில் மஞ்சளாய் ஏதோ மின்னிற்று. குனிந்தார், எடுத்தார், பொன்! ஒன்பது நாட்கள் சென்றன. பிப்ரவரி 2-ஆம் நாள், போரில் தோற்ற மெக்சிகோ, கலிபோர்னியாவை அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு எழுதிக்கொடுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது, மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்பது.

அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் போல்க், நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியிலே பொன் உண்மைதான் என்று உறுதி கூறினார். அவ்வளவுதான்! 1849-இல் வெள்ளம் புரண்டது. 1855-க்குள் ஏறத்தாழ 3,00,000 பேர் வந்தனர். பஞ்சத்தால் வதைந்த அயர்லாந்திலிருந்து வந்தனர். 1848-இன் புரட்சிகள் தோற்றுப்போன ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தனர். மெக்சிகோவின் சொனோராவிலிருந்தும், சிலியிலிருந்தும், பெருவிலிருந்தும் வந்தனர். சீனத்தின் காண்டன் பகுதியிலிருந்து வந்தனர். தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஐந்து, ஆறு திங்கள் கடலில் மிதந்து வந்தவர் உண்டு. பனாமாவின் சதுப்பைக் கடந்து காய்ச்சலோடு வந்தவர் உண்டு. மாட்டுவண்டியிலே சமவெளியும் மலையும் தாண்டி, வழியில் காலராவுக்குத் தன் வீட்டாரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர் உண்டு. பேராசைக்காரர் என்று இவர்களை இகழாதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் கடனை அடைக்க வந்தவர்கள். அடமானம் வைத்த காணியை மீட்க வந்தவர்கள். "ஓராண்டு பொறுத்திரு, திரும்பிவிடுவேன்" என்று மனைவியின் கைபிடித்துச் சொல்லிவிட்டு வந்தவர்கள்.

வந்தவர்க்குக் கிடைத்தது என்ன?

பனி உருகி ஓடும் ஆற்றிலே முழங்காலளவு நீரில் நாள் முழுதும் நிற்க வேண்டும். மண்ணை வாரித் தட்டிலிட்டு அலச வேண்டும். நம் ஊர் நகைக்கடைத் தெருவிலே சாக்கடையை அரித்துப் பொன்துகள் தேடும் ஏழையைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொழிலேதான், ஆற்றங்கரையிலே, ஆயிரக்கணக்கானோர் செய்தது. 1848-இல் ஒருவன் நாளொன்றுக்குச் சராசரி 20 டாலர் அளவு எடுத்தான் என்பது வரலாற்றறிஞர் மதிப்பீடு. 1852-இல் அது ஏறத்தாழ 6 டாலர். 1856-இல் 3 டாலர். பொன் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. ஆழத்தில் தோண்ட இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு மூலதனம் வேண்டும். மூலதனம் எவனிடம் இருந்ததோ அவனிடமே பொன்னும் போய்ச் சேர்ந்தது. தனக்குத் தானே முதலாளி ஆகலாம் என்று வந்தவன், ஐந்தாறு ஆண்டுகளில், கம்பெனிச் சுரங்கத்தின் கூலியாளாக நின்றான்!

மூலதனம் எவனிடம் இருந்தது என்கிறீர்களா? மண்வெட்டி விற்றவனிடம்!

சாம் பிரானன் என்றொருவர். 1848 மே திங்களில், பொன்துகள் அடைத்த புட்டியைக் கையிலேந்தி, சான்பிரான்சிஸ்கோத் தெருவிலே, "பொன்! பொன்! அமெரிக்கன் ஆற்றிலே பொன்!" என்று கூவிக்கொண்டு ஓடினார். கூவினாரே தவிர, ஆற்றுக்குப் போய்க் குனிந்தாரா? இல்லை. அதற்கு முன்பே, சுற்றுவட்டாரத்தில் கிடைத்த மண்வெட்டி, கடப்பாரை, தட்டு அனைத்தையும் வாங்கித் தம் கடையிலே அடுக்கிவிட்டிருந்தார். அறிவிப்பும் அவருடையது, சரக்கும் அவருடையது, விலையும் அவர் வைத்தது! கலிபோர்னியாவின் முதற்பெருஞ்செல்வர் ஆனார். சுரங்க முகாமில் ஒற்றை முட்டைக்கு ஒரு டாலர் கொடுத்த நாட்களும் உண்டு. பகலெல்லாம் ஆறு கொடுத்ததை, அந்தி சாய்ந்ததும் கடை வாங்கிக்கொண்டது.

சேக்ரமெண்டோ நகரிலே மளிகையும் இரும்புச் சாமானும் விற்ற நால்வர் இருந்தனர்: ஸ்டான்போர்டு, ஹண்டிங்டன், ஹாப்கின்ஸ், கிராக்கர். கடையிலே சேர்த்த செல்வத்தையும் செல்வாக்கையும் கொண்டு 1861-இல் இரயில்பாதைக் கம்பெனி தொடங்கினர். இரயில்பாதை மன்னர்களாயினர், ஒருவர் ஆளுநராகவும் ஆனார். அந்த ஸ்டான்போர்டை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் சந்திப்போம்.

பொன்னைக் கண்டெடுத்த மார்ஷல் என்ன ஆனார்? 1885-இல் வறுமையில் இறந்தார். ஆலையைக் கட்டுவித்த சட்டர்? வந்தவர்கள் அவர் நிலத்தை ஆக்கிரமித்தனர். மந்தையைக் கொன்று தின்றனர். இழப்பீடு கேட்டு அரசின் வாசலில் காத்துக் காத்து 1880-இல் கண்மூடினார். "துணிந்தவன் வென்றான்" என்போரே, துணிவுக்கு இதுதான் பரிசா?

சரி, தோழர்களே! ஏமாந்தவனுக்குக் கோபம் வரவேண்டுமல்லவா? வந்தது. முட்டைக்கு ஒரு டாலர் வாங்கியவன்மீது பாய்ந்திருக்க வேண்டும் அந்தக் கோபம். ஆற்றையே மடக்கிக்கொண்ட கம்பெனிமீது பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை. பக்கத்துக் குழியில் தோண்டிக்கொண்டிருந்தவன்மீது பாய்ந்தது! தானே பாய்ந்ததென்று எண்ணிவிடாதீர்கள். பாதை வெட்டிக் கொடுத்தது சட்டமன்றம்.

1850-இல் கலிபோர்னியச் சட்டமன்றம் ஒரு வரி விதித்தது. அயல்நாட்டார் பொன் தோண்ட வேண்டுமானால் மாதம் 20 டாலர் கட்ட வேண்டும். எவன் அயலான்? சொனோராவிலிருந்து வந்த மெக்சிகோக்காரன் அயலானாம்! இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை அந்த மண்ணே மெக்சிகோ மண். அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் நேற்று இறங்கியவனை வரி தண்டுவோன் பெரும்பாலும் சீண்டவில்லை. வரிகொடுக்க முடியாத மெக்சிகோக்காரரும் சிலிக்காரரும் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். மறு ஆண்டே வரி நீக்கப்பட்டது. அறம் உறுத்தியதாலா? அல்ல! வாங்குவோர் போய்விட்டதால் கடைத்தெருவில் வணிகம் படுத்துவிட்டது, வணிகர்கள் கூக்குரலிட்டனர்.

1852-இல் சீனர் ஏறத்தாழ 20,000 பேர் வந்திறங்கினர். உடனே வரி மறுபிறவி எடுத்தது. முதலில் மாதம் 3 டாலர். பிறகு 4 டாலர். மற்றவர்கள் சலித்துக் கைவிட்ட குழியிலே மீண்டும் சலித்து எஞ்சிய துகளைச் சேர்த்தவர் அந்தச் சீனர். அவரிடமிருந்து பறித்த வரி, பல ஆண்டுகள் மாநிலக் கருவூலத்தின் கணிசமான வருவாய். 1854-இல் ஒரு வழக்கு. லிங் சிங் என்ற சீனரைக் கொன்றதாக ஹால் என்ற வெள்ளையர் தண்டிக்கப்பட்டிருந்தார். வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்லுதல் செல்லாது என்று கூறி, மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. பொருள் புரிகிறதல்லவா? பார்த்தவர் சீனராய் இருந்தால், கொலையும் கொலையன்று! அந்த வழி நடந்து 1882-இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழையவே தடைச் சட்டம் வந்தது. 1943 வரை அது நீங்கவில்லை.

இத்தனைக்கும் நடுவே, உண்மையிலேயே அந்த மண்ணுக்குரியவர் எங்கே? நிசெனான், மிவோக், போமோ, யூகி என்று எத்தனையோ குடிகள், ஆயிரமாயிரம் ஆண்டுகளாய் அங்கே வாழ்ந்தவை. 1848-இல் பொன் தோண்டியோருள் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் பூர்வகுடிகளே என்று அன்றைய இராணுவ ஆளுநர் மேசன் மதிப்பிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் ஆற்றங்கரையிலிருந்து விரட்டப்பட்டனர், வேட்டையாடப்பட்டனர். 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பாதுகாப்பு என்று பெயர் சூட்டிக்கொண்டு, அவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொள்ள வழிசெய்தது. பூண்டற்றுப்போகும்வரை அந்த இனத்தின்மீது போர் நடக்கும் என்று 1851-இல் ஆளுநர் பர்னெட் சட்டமன்றத்துக்கே எழுதினார். பொன்வேட்டைக்கு முன் ஏறத்தாழ 1,50,000 என மதிப்பிடப்படும் மக்கள்தொகை, 1870 அளவில் 30,000 ஆகச் சுருங்கியது. நோயும் பசியும் துப்பாக்கியும் சேர்ந்து செய்த வேலை. அது இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு, அம்மாநில ஆளுநர் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2019-இல்! நூற்றெழுபது ஆண்டுகள் ஆயின, நாக்கு அசைய.

பாருங்கள் இந்த விந்தையை! பல்லாயிரம் ஆண்டுகள் இருந்தவனை, 1849-இல் வந்தவன் துரத்தினான். 1849-இல் வந்தவன், 1852-இல் வந்தவனைப் பார்த்து "வந்தேறி" என்றான். மூன்றே ஆண்டு மூப்பு. அதற்குள் மண்ணின் மைந்தன் என்ற பட்டம்! பட்டம் கொடுத்தது யார்? வரி வாங்கியவனும் மண்வெட்டி விற்றவனும். பட்டம் பெற்றவனின் பை நிறைந்ததா? நிறையவில்லை. அவன் கூலியாளாகத்தான் போனான்.

ஸ்டான்போர்டை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 1862-இல் ஆளுநர் பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரையிலே சீனரைத் தாழ்ந்த இனம் என்றார். அவர்களின் வரவைத் தடுக்க வேண்டும் என்றார். முன்வந்த தொழிலாளி கைதட்டியிருப்பான். மூன்றாண்டு சென்றது. 1865 முதல் அவருடைய இரயில்பாதைக் கம்பெனியே சீனத் தொழிலாளரை ஆயிரமாயிரமாய் அமர்த்தியது. சியரா மலையின் பாறையைக் குடைந்தது அந்தத் தாழ்ந்த இனத்தின் கைகள்தாம். மேடையில் வெறுப்பு, வேலையிடத்தில் வரவேற்பு! இரண்டும் ஒரே கொள்கைதான், தோழர்களே! வெறுக்கப்படுபவன் குறைந்த கூலிக்குக் கிடைப்பான். குரல் எழுப்ப அஞ்சுவான். 1867-இல் அந்தச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளையர்க்குச் சமமான கூலி கேட்டனர். மலைமேல் போகும் உணவைக் கிராக்கர் நிறுத்தினார். ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முறிந்தது. அவர்களுக்காக ஒரு வெள்ளைத் தொழிலாளர் சங்கமாவது அன்று துணைநின்றிருந்தால்?

"மனித இயல்பே அதுதான், பசி வந்தால் பக்கத்திலிருப்பவனைத்தான் கடிப்பான்" என்று சிலர் தத்துவம் பேசுவர். அவர்களுக்கு விடை சொல்லப் பசிபிக் பெருங்கடலின் மறுகரைக்குப் போவோம்.

கலிபோர்னியாவுக்குப் போய் வெறுங்கையோடு ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியவர் எட்வர்டு ஹார்கிரேவ்ஸ். 1851-இல் நியூ சவுத் வேல்சிலே பொன் இருப்பதை அவர் அறிவித்தார். அதே ஆண்டில் விக்டோரியாவின் பல்லாரட்டிலும் பொன் வெளிப்பட்டது. மீண்டும் வெள்ளம், மீண்டும் வந்தோர் கூட்டம். அரசு என்ன செய்தது? மாதம் 30 ஷில்லிங் உரிமச்சீட்டு என்றது. பின்னர்ச் சிறிது குறைத்தது. பொன் கிடைத்தாலும் கட்ட வேண்டும். கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். வாக்குரிமை? இல்லை. சீட்டைச் சட்டைப்பையில் வைக்க மறந்தவனையும் போலீசு வேட்டையாடியது. 1854-இல் ஆளுநர் ஹாத்தம், வாரம் இருமுறை அந்த வேட்டை நடக்க ஆணையிட்டார்.

அங்கே வந்திருந்தவர்களும் பல நாட்டார்தாம். ஆனால் அவர்களில் சிலர், இங்கிலாந்திலே வாக்குரிமை கேட்டுப் போராடிய சாசன இயக்கத்தின் பயிற்சி பெற்றவர். அவர்கள் பக்கத்துக் குழியைப் பார்க்கவில்லை. சீட்டில் இருந்த முத்திரையைப் பார்த்தனர். 1854 நவம்பர் 11-ஆம் நாள் பல்லாரட் சீர்திருத்தச் சங்கம் அமைத்தனர். வயதுவந்த ஆண்கள் அனைவர்க்கும் வாக்கு வேண்டும் என்றனர். உரிமச்சீட்டு ஒழிய வேண்டும் என்றனர். நவம்பர் 29-இல் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினர். மறுநாள், தென்சிலுவைக் கொடியின்கீழ், பீட்டர் லேலர் என்ற அயர்லாந்துக்காரர் முன்மொழிய, ஒருவர்க்கொருவர் துணைநிற்போம் என்று உறுதி பூண்டனர். யூரிகா என்னுமிடத்தில் மரக்கட்டைகளால் அரண் எழுப்பினர்.

டிசம்பர் 3-ஆம் நாள். ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன், அரணுக்குள் சிலரே இருந்த நேரம் பார்த்துப் பட்டாளமும் போலீசும் பாய்ந்தன. கால் மணி நேரத்தில் முடிந்தது போர். இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். லேலர் ஒரு கையை இழந்தார். பல்லாரட் ஏட்டின் ஆசிரியர் சீகாம்ப், எழுதியதற்காகச் சிறை சென்றார். பதின்மூவர்மீது தேசத்துரோக வழக்கு. அவர்களுள் அயர்லாந்துக்காரர் இருந்தார், இத்தாலியர் இருந்தார், ஜமாய்க்காவைச் சேர்ந்த கருப்பினத்தவர் இருந்தார். முதலில் கூண்டிலேற்றப்பட்டவர் ஜான் ஜோசப் என்ற அமெரிக்கக் கருப்பினத்தவர். நடுவர் குழு அவரை விடுவித்தது. மெல்போர்ன் மக்கள் அவரை நாற்காலியில் அமர்த்தித் தோளில் சுமந்து தெருவிலே ஊர்வலம் போயினர்! பதின்மூவரில் ஒருவர்மீதும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை.

தோற்றது அரணில், வென்றது நாட்டில். 1855-இல் உரிமச்சீட்டு ஒழிந்தது. ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டினால் சுரங்க உரிமையும் வாக்குரிமையும் என்றாயிற்று. ஒற்றைக் கையோடு லேலர் சட்டமன்றம் புகுந்தார். 1857-இல் விக்டோரியாவின் கீழவைக்கு வயதுவந்த ஆண்கள் அனைவரும் வாக்களிக்கலாயினர். அவன் எந்த நாட்டான், இவன் எந்த நிறத்தான் என்று கேளாமல், எவன் நம் கழுத்தில் கயிறு போட்டான் என்று கேட்டதன் விளைவு அது. மனித இயல்பு என்று தத்துவம் பேசியோர் என்ன சொல்கிறார்கள்?

இங்கே நிறுத்திவிட்டால் கைதட்டல் கிடைக்கும், தோழர்களே! ஆனால் உண்மை இங்கே நிற்கவில்லை. கசப்பான பகுதியையும் சொல்லத்தான் வேண்டும்; ஏனெனில் நமக்கான பாடம் அந்தக் கசப்பிலேதான் இருக்கிறது.

எவரையும் விலக்காத அந்த ஒற்றுமை, ஒருவரை மட்டும் விலக்கியது: சீனரை. வாக்குரிமை தந்த அதே 1855-இல், வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுன் தலைவரி என்று விக்டோரியா சட்டம் செய்தது. சீனர் பக்கத்துக் குடியேற்றத்தின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்தே பொன்வயல் சேர்ந்தனர். 1857-இல் பக்லண்ட் ஆற்றங்கரையிலும், 1860, 1861-இல் லாம்பிங் பிளாட்டிலும் அவர்கள் தாக்கப்பட்டனர், குடில்கள் கொளுத்தப்பட்டன. கொளுத்தியவர் முதலாளிகள் அல்லர்; நேற்றுச் சீட்டைக் கொளுத்தியோரின் இனத்தார், தொழிலாளர்.

பலன் என்ன? 1873-ஆம் ஆண்டு. கிளூன்ஸ் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சனிக்கிழமைப் பிற்பகலாவது ஓய்வு கொடு என்பது கோரிக்கை. கம்பெனி என்ன செய்தது? சங்கத்தின் கதவு எவனுக்குச் சாத்தப்பட்டிருந்ததோ, அந்தச் சீனனைக் கருங்காலியாக்கி வண்டியிலே ஏற்றி அனுப்பியது. ஊரே திரண்டு கல்லெறிந்து வண்டிகளைத் திருப்பியது. அந்தக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர் யார் தெரியுமா? பீட்டர் லேலர்! தென்சிலுவைக் கொடியின்கீழ் மண்டியிட்டு உறுதி பூண்ட அதே லேலர்!

லேலரைத் திட்டுவது எளிது. திட்டுங்கள்; தகும். ஆனால் அவர் கையில் அந்த ஆயுதம் எப்படி வந்தது? தொழிலாளிதான் செய்து கொடுத்தான். பின்வந்தவனைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்தினான் முன்வந்தவன். வெளியே நின்றவனைக் கைபிடித்து உள்ளே அழைத்தான் முதலாளி, குறைந்த கூலிக்கு! எவனை நாம் தோழனாக ஏற்க மறுக்கிறோமோ, அவனையே நமக்கு எதிரான கருங்காலியாக்குவான் எதிரி. பொன்வேட்டையின் அரசியல் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

நமக்கும் பொன்னுக்கும் உறவு உண்டு, தோழர்களே. அது காதிலே தொங்கியதால் வந்த உறவன்று; நுரையீரலில் தூசு படிந்ததால் வந்த உறவு. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலார் தங்கவயலின் பொறுப்பை ஏற்றபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாய் நடந்து போனவர்கள் நம்மவர். அவர்களில் பெரும்பாலோர் ஊரின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள். மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினர். 1930-இல், கைரேகை வைத்துப் பதிந்துகொள் என்று கம்பெனி கட்டளையிட்டபோது, "நாங்கள் குற்றவாளிகளா?" என்று வேலைநிறுத்தம் செய்த மான மறவர் அவர்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. இலாபம் கடல்கடந்து போனது. பொன் கருவூலம் போனது. சயனைடு கலந்த கழிவு மண்மேடுதான் அவர்களின் வாசலில் நிற்கிறது. அவர்களும் அன்று, அந்த மண்ணிலே, பின் வந்தவர்களே! இலங்கை மலையகத்தில் தேயிலை வளர்த்த நம் உழைப்பாளிகளிடமிருந்து 1948-இல் குடியுரிமையைப் பறித்த சட்டமும், "நீ பின் வந்தவன்" என்றுதானே சொல்லிற்று?

இன்று நம் நாட்டுக் கட்டடச் சாரத்தில், திருப்பூர்ப் பின்னலாடைக் கூடத்தில், உணவு விடுதியின் அடுக்களையில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவன் நிற்கிறான். கடனை அடைக்க வந்தவன். "ஓராண்டு பொறுத்திரு" என்று சொல்லிவிட்டு வந்தவன். அவனை ஏளனப் பெயரிட்டு அழைக்கும் நாவு, நம் தோழர்கள் சிலரிடமும் உண்டு என்பதை மூடிமறைக்க நான் விரும்பவில்லை. டெல்லியின் ஆதிக்கத்தை எதிர்ப்பது நம் கொள்கை. இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் கொள்கை. அதிலே தளர்வில்லை. ஆனால் திணித்தவன் ஆட்சிப்பீடத்தில் இருக்கிறான். செங்கல் சுமப்பவன் எதையும் திணிக்கவில்லை. அவன் ஊரிலே பிழைப்பைப் பறித்த அரசியலும் அதே ஆதிக்கத்தின் அங்கந்தான்.

"அவன் வந்ததால் கூலி குறைகிறதே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். கூலி குறைகிற இடங்கள் உண்டு. குறைப்பவன் யார்? 800 ரூபாய் வேலைக்கு 500 ரூபாய் கொடுக்கிறானே, அந்த ஒப்பந்தக்காரன்! 300 ரூபாய் போகும் இடம் பீகார் அல்ல, ஒப்பந்தக்காரனின் பெட்டி. வந்தவனை விரட்டினால் 800 திரும்புமா? கிளூன்சைக் கேளுங்கள், சியரா மலையைக் கேளுங்கள். வந்தவனுக்கும் 800 கொடு என்று நாம் கேட்டால், அவனைக் கொண்டுவரும் ஆதாயமே அந்த ஒப்பந்தக்காரனுக்கு அற்றுப்போகும். உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் காக்கும் அரண், வந்தவனின் கூலியிலேதான் எழுப்பப்பட வேண்டும்.

2023 மார்ச்சில் என்ன நடந்தது? வடமாநிலத் தொழிலாளர் இங்கே கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகளைப் பரப்பினர். தமிழன் வெறியன் என்று அங்கே பேர் வாங்கிக் கொடுப்பதற்கு எதிரி ஏங்கிக் கிடக்கிறான். உண்மையில்லாதபோதே அவ்வளவு புகை! உண்மையான ஒரு பொறியை நம் தெருவிலிருந்து நாமே எடுத்துக் கொடுக்கலாமா?

ஆகவே, பேச்சோடு நில்லாமல் சில பணிகள் சொல்கிறேன். உங்கள் பகுதியிலே கட்டடம் எழும் இடத்துக்குப் போங்கள். வந்தவன் என்ன கூலி பெறுகிறான், எங்கே உறங்குகிறான், விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்டறியுங்கள். அவன் பெயரைத் தொழிலாளர் சங்கப் பதிவேட்டில் சேருங்கள். சம வேலைக்குச் சம கூலி என்ற முழக்கத்தை அவன் மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். அதனால் நம் மொழி தேய்ந்துவிடாது. நம் மொழியை அவனுக்கும் அவன் பிள்ளைக்கும் அன்போடு கற்றுக்கொடுங்கள். திணிப்புக்கும் வரவேற்புக்கும் உள்ள வேற்றுமையை அவனே ஊரெங்கும் சொல்வான்.

பொன்வேட்டை ஓய்ந்துவிட்டது. ஆறுகள் வற்றின, சுரங்கங்கள் மூடின. ஆனால் மண்வெட்டி விற்பவன் இன்னும் இருக்கிறான். பிழைப்புத் தேடி வருபவன் இன்னும் வருகிறான். "இவன் அயலான், இவனை அடி" என்று காதோரம் முணுமுணுக்கும் குரலும் இன்னும் ஓயவில்லை. அந்தக் குரல் கேட்கும்போது, தோழர்களே, அடிக்கக் கையை ஓங்குமுன், முணுமுணுப்பவனின் கையைப் பாருங்கள். அதிலே மண் ஒட்டியிருக்கிறதா, பொன் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள், நீங்கள் நிற்கவேண்டிய இடம் எது என்று!